பல்செட்டுக்குப் பசை, ப்ளவுஸுக்கு ஊக்கு

நூலைப் பல்லால் கடித்து அறுக்காத தையல்காரி யாராவது இருக்கிறாளா? எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு கையில் துணி, இன்னொரு கையில் ஊசி, கத்தரி எந்தத் துண்டுக்கு அடியில் கிடக்கிறதோ கடவுளுக்குத்தான் தெரியும், ஆனால் வாய் மட்டும் எப்போதும் இருக்கிற இடத்திலேயே இருக்கும், அதனால் 30 வருஷத்துக்கு மேலாக என் முன்பற்கள்தான் எனக்கு இரண்டாவது கத்தரி. சொந்தப் பல் எல்லாம் போய் பல்செட் வந்த பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆவணி முகூர்த்தச் சமயம். கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார்கள், ப்ளவுஸ் கையோடு வேண்டும், வெளியே ஆட்டோ நிற்கிறது. கடைசி ஹூக்கை வைத்து முடிச்சுப் போட்டு, வழக்கம்போலக் குனிந்து நூலைக் கடித்து இழுத்தேன். நூல் அறுந்ததோ இல்லையோ, மேல் செட் அண்ணத்தை விட்டுக் கழன்று மடியில் இருந்த மாம்பழ நிறப் பட்டின் மேல் விழுந்தது. 14 பல்லும் அண்ணாந்து பார்த்தபடி, ஒரு பல் இடுக்கில் நூல் வேறு தொங்கிக்கொண்டு. அந்தப் பெண் நல்ல பிள்ளை, சட்டென்று போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அம்மாக்காரிதான், "அக்கா, தண்ணி எடுத்துட்டு வரவா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் இல்லை. இன்ச் டேப்போடு தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

நல்லவேளை, பட்டில் கறை எதுவும் படவில்லை.

அன்றைக்கு ராத்திரிதான் பசை வாங்குவது என்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அந்தப் பசையைத் தப்பாகவே பயன்படுத்தினேன் என்பது தனிக்கதை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இப்போது 59. நாற்பது வயதில் சர்க்கரை வந்தது, அதைச் சரியாகக் கவனிக்காமல் விட்டதில் ஈறு கெட்டது, பல் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பித்து, 54 வயதில் மிச்சமிருந்த ஏழையும் எடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் பொக்கை வாயோடு இருந்தேன். பிறகு அளவெடுத்து மேல், கீழ் இரண்டு செட்டும் கட்டிக்கொடுத்தார்கள். முதல் ஒரு வருஷம் மேல் செட் கல் மாதிரி நின்றது. கீழ் செட் முதல் நாளிலிருந்தே ஆட்டம்தான். ஒரு வாய் இட்லியை சாம்பாரில் தோய்த்து வைத்தால், நாக்கு அதைத் தள்ளும்போது செட்டும் சேர்ந்து மிதக்கும். அப்பளம் சாப்பிட்ட அன்றைக்கு அதன் தூள் செட்டுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு, காலில் முள் ஏறிய மாதிரி குத்தும்.

மேல் செட் ஏன் நிற்கிறது, கீழ் செட் ஏன் ஓடுகிறது என்பதை டாக்டர்தான் பின்னால் விளக்கிச் சொன்னார். செட்டைப் பிடித்து வைத்திருப்பது முக்கியமாக எச்சில்தான். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பிரித்தெடுக்க எவ்வளவு சிரமமாக இருக்கிறது, அந்த மாதிரி. ஈறுக்கும் செட்டுக்கும் நடுவில் மெல்லிய எச்சில் படலம் இருக்கவேண்டும், ஓரம் சுற்றிலும் காற்றுப் புகாமல் சதையோடு ஒட்டியிருக்கவேண்டும். மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடிக்கொள்வதால் அதற்குப் பரப்பு அதிகம். கீழே அப்படி எங்கே இடம், நாக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறதே, குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு மட்டும்தான் கிடைக்கும். போதாக்குறைக்கு எனக்கு சர்க்கரை, அதோடு பிபி மாத்திரை, இரண்டும் சேர்ந்து வாயை உலர்த்திவிடுகின்றன. எச்சில் இல்லையென்றால் பிடிமானம் எங்கிருந்து வரும்?

இன்னொன்றும் நடக்கிறது. பல் இருக்கும்வரைதான் தாடை எலும்புக்கு வேலை. பல் போனதும் அது தேய ஆரம்பிக்கிறது, முதல் வருஷம் வேகமாக, அப்புறம் மெதுவாக, ஆனால் நிற்பதில்லை. டால்கிரென் என்கிற ஆராய்ச்சியாளர் 25 வருஷம் வரைக்கும் பல்செட்காரர்களைத் தொடர்ந்து அளந்து பார்த்து 1972-ல் எழுதியிருக்கிறார், மேல் தாடையைப்போல கீழ்த் தாடை நாலு மடங்கு தேய்கிறதாம். ஆள் மெலிந்துகொண்டே போகிறார், ப்ளவுஸ் மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. தையல்காரிக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு.

சரி, பசைக்கு வருகிறேன். மெடிக்கலில் போய் "பல் பசை குடுங்க தம்பி" என்று கேட்டேன். அவன் டூத்பேஸ்டை எடுத்து நீட்டினான். "அது இல்லப்பா, பல்லை ஒட்டுற பசை" என்றேன். "உடைஞ்ச பல்லாம்மா?" என்றான். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், நான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு மெதுவாக, "பல்செட்டுக்கு" என்றேன். அவன் உள்ளே திரும்பி, "அண்ணே, பல்செட் ஒட்டுற மருந்து இருக்கா?" என்று தெருமுனைவரை கேட்கக் கத்தினான். நீங்களாவது சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். ஃபிக்ஸான், ஃபிட்டிடென்ட் என்று பெயர் சொல்லிக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள், பவுடரும் உண்டு, க்ரீமும் உண்டு.

முதலில் பவுடர் வாங்கினேன். பிறகு கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஆன்லைனில் க்ரீம் ட்யூப் போட்டுவிட்டாள். பசை என்றதும் நான் மனதில் நினைத்தது மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசையைத்தான், போட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், நிறையப் போட்டால் நிறைய ஒட்டும் என்று. அது அப்படி வேலை செய்வதில்லை. ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசினை ராத்திரி ஊறவைத்துப் பாருங்கள், ரெண்டு கல் போட்டால் காலையில் கிண்ணம் நிறைய இருக்கும். செட் பசையும் அந்த ஜாதிதான். எச்சில் பட்டதும் தண்ணீரை இழுத்துக்கொண்டு உப்பி, ஈறுக்கும் செட்டுக்கும் இடையே இருக்கும் சின்ன இடைவெளியை அடைத்து, எச்சிலைவிடக் கெட்டியான ஒரு படலமாக நிற்கிறது. முன்காலத்தில் நிஜமாகவே மரப்பிசின்தான் போட்டிருக்கிறார்கள், நம் நாட்டுக் காடுகளிலிருந்து போகும் கராயா பிசின் அதில் ஒன்று. இப்போது செல்லுலோஸிலிருந்து செய்யும் சிஎம்சி என்கிற பொருளும், கூடவே ஒரு செயற்கைப் பாலிமரும் சேர்க்கிறார்கள். க்ரீமில் பெட்ரோலியம் ஜெல்லி மாதிரி ஒரு வழவழப்பு இருக்கும், சீக்கிரம் கரைந்து போகாமல் இருக்க.

இது தெரியாமல் நான் என்ன செய்தேன் தெரியுமா? செட்டின் உட்புறம் முழுக்க, கேக்குக்கு க்ரீம் தடவுகிற மாதிரி தடவினேன். வாயில் வைத்து அழுத்தினால் ஓரமெல்லாம் பிதுங்கி வரும். நாக்கில் ஒட்டும், உதட்டின் உள்பக்கம் ஒட்டும், காபி குடித்தால் ஏதோ புதினா போட்ட மைதாக் கஞ்சி மாதிரி இருக்கும். மத்தியானம் சாப்பிட்டதும் லூஸாகிவிடும், மறுபடி ஒரு தடவை. சாயந்திரம் கஸ்டமர் வரும் நேரம், இன்னொரு தடவை. ராத்திரி கழற்றினால் அண்ணத்தில் வழவழவென்று ஒரு பூச்சு, எவ்வளவு கொப்பளித்தாலும் போகாது. நகத்தால் சுரண்டி அண்ணத்தைப் புண்ணாக்கிக்கொண்டதும் உண்டு.

ட்யூப் பத்து நாள்கூட வராது. "நீ என்ன அதைத் தோசைக்குத் தொட்டுக்கிறியா?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார்.

அவர் கேலி செய்ய யோக்கியதை இல்லாதவர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருநாள் கழுவும்போது மேல் செட் கை நழுவி வாஷ்பேசினில் விழுந்து நடுவில் விரிசல் விட்டுவிட்டது. டாக்டரிடம் போகும்வரை பொறுக்காமல், செருப்பு ஒட்ட வாங்கி வைத்திருந்த உடனே ஒட்டும் பசையை எடுத்து இவரே ஒட்டிவிட்டார். பார்க்க அச்சு அசலாக இருந்தது. வாயில் வைத்தால் ஒரு நூல் அளவு தள்ளியிருந்தது. ப்ளவுஸில் ஒரு நூல் தள்ளினால் கண்ணுக்குக்கூடத் தெரியாது, வாயில் அது மலை. இரண்டு நாளில் ஈறு புண். அந்தப் பசை வாயில் வைக்கக்கூடிய பொருளே கிடையாது என்று டாக்டரிடம் இவருக்கு நல்ல டோஸ் கிடைத்தது, நான் பக்கத்தில் உட்கார்ந்து சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து பேசினில் தண்ணீர் நிரப்பி, அடியில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டுதான் செட்டைக் கழுவுகிறேன்.

என் பசை விவகாரமும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. டாக்டர் சின்னப் பெண், என் மகளைவிட இளையவள். மேல் செட்டை வாயில் வைத்துவிட்டு முன்பல்லில் ஒரு விரலை வைத்து லேசாக அழுத்தினார், பின்பக்கம் பொத்தென்று இறங்கிவிட்டது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை பசை போடுறீங்கம்மா?" என்றார். மூன்று என்றேன். "எவ்வளவு?" விரலால் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார், "கால் மரத்துப் போகுதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் கால் மதமதப்பு எனக்கு இருக்கிறது, சர்க்கரையால் வருவது என்று விட்டிருந்தேன். சில பசைகளில் ஜிங்க், அதாவது துத்தநாகம், சேர்ப்பார்களாம். அளவாகப் போட்டால் ஒன்றும் செய்யாது. ஆனால் நாள்தோறும் அள்ளி அப்பி, அது வயிற்றுக்குள் போய்க்கொண்டே இருந்தால், உடம்பில் இருக்கும் தாமிரச் சத்தைக் குறைத்துவிடும், தாமிரம் குறைந்தால் ரத்தம் குறையும், நரம்பு கெட்டு கை கால் மரத்து நடையே தள்ளாடிவிடும். 2008-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகர டாக்டர்கள் இப்படி நாலு நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவர்கள் வாரத்துக்கு இரண்டு ட்யூபும் அதற்கு மேலும் வருஷக்கணக்கில் போட்டவர்கள். 68 கிராம் ட்யூப் ஒன்று, மேல் கீழ் இரண்டுக்கும் போட்டால்கூட, ஏழெட்டு வாரம் வரவேண்டுமாம்! 2010-ல் கிளாக்ஸோஸ்மித்கிளைன் நிறுவனம் ஜிங்க் சேர்த்த பசை தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. நான் போட்ட ட்யூபில் ஜிங்க் இல்லை என்று அட்டையைப் படித்துத் தெரிந்துகொண்டோம், எனக்கு இருப்பது சர்க்கரை மதமதப்புதான். ஆனாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், சர்க்கரை டாக்டரிடம் போகும்போது செட்டுக்குப் பசை போடுகிறேன் என்பதையும் சொல்லிவிடுங்கள், அவர்களாகக் கேட்க மாட்டார்கள். வாங்கும்போது அட்டையில் ஜிங்க் இல்லை என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

பிறகு அந்த டாக்டர் பெண் எனக்குப் பசை போடக் கற்றுக்கொடுத்தார். எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னார், நானும் அப்படியே கேட்டேன். செட்டை நன்றாகக் கழுவி, க்ரீம் என்றால் சுத்தமாகத் துடைத்துக் காயவிட வேண்டும். ஈரத்தில் வைத்தால் க்ரீம் வாய்க்குப் போகும் முன்பே உப்பிவிடும். பவுடர் என்றால் நேர்மாறு, செட்டை ஈரமாக வைத்துக்கொண்டு, சல்லடையில் மாவு தூவுகிற மாதிரி மெல்லிசாகத் தூவி, தலைகீழாகத் தட்டி அதிகப்படியை உதறிவிட வேண்டும். க்ரீமுக்கு மேல் செட்டில் பல் வரிசைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் வலம், இடம், முன் என்று மூன்று பொட்டு, அண்ணத்து நடுவில் ஒரு பொட்டு, ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவு. கீழ் செட்டில் மூன்று பொட்டு. ஓரத்துக்குப் பக்கத்தில் போகவே கூடாது, அழுத்தும்போது அது தானாகப் பரவிக்கொள்ளும். வாயைக் கொப்பளித்துவிட்டு செட்டை வைத்து, சில நொடி அழுத்திப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். உடனே சூடாகக் காபியைக் குடிக்காமல் ஒரு ஐந்து நிமிஷம் பொறுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே தடவை. பிதுங்கி வெளியே வந்தால் அளவு ஜாஸ்தி, மறுநாள் குறைக்கணும். ஹெம்மிங்கில் தையல் வெளியே தெரிந்தால் நூல் அதிகமாக எடுத்துவிட்டோம் என்று அர்த்தம் இல்லையா, அதே கணக்கு.

கழற்றுவதற்கும் ஒரு முறை இருக்கிறது, அதை யாருமே சொல்வதில்லை. பிடித்து இழுக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்துவிட்டு, விரலைக் கன்னத்துப் பக்கமாக விட்டு செட்டின் மேல் ஓரத்தை லேசாக நெம்பினால் காற்றுப் புகுந்து கழன்றுவிடும். மீதிப் பசைக்கு நான் பழைய வேட்டித் துணி ஒன்றைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வைத்திருக்கிறேன், விரலில் சுற்றி அண்ணத்தையும் ஈறையும் மெதுவாகத் துடைப்பேன். அந்தப் பசை அடியிலேயே தங்கிவிட்டால் பூஞ்சைக் காளான் வந்து அண்ணம் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். செட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போடாதீர்கள், அது அக்ரிலிக் பிளாஸ்டிக், வளைந்துவிடும். டூத்பேஸ்ட் போட்டு உரசினாலும் கீறல் விழும், மிருதுவான பிரஷும் சோப்புத் தண்ணீரும் போதும். ராத்திரி கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் தூங்க வேண்டும். செட்டோடு தூங்கும் வயதானவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று ஜப்பானில் 85 வயது தாண்டியவர்களைப் பார்த்து 2015-ல் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய பயம், தூக்கத்தில் வாய் பிளந்து செட் விழுந்து பேரன் பார்த்துவிடுவானோ என்பதுதான்.

இவ்வளவும் கற்றுக்கொடுத்துவிட்டு அவர் சொன்னதுதான் என் தொழில் பாஷையில் எனக்குப் புரிந்தது. "பசை தப்பில்லம்மா, ஆனா உங்க செட் உங்களுக்கு லூஸ்." லூஸான ப்ளவுஸை ஒரு ஊக்குக் குத்திப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய் வரலாம். ரெண்டு ஊக்கு, மூணு ஊக்கு என்று ஏறிக்கொண்டே போனால் அதைப் பிரித்துத்தான் தைக்கணும், என்னிடம் அப்படி வரும் கஸ்டமரை நானே திட்டுவேன். நான் என் வாயில் ஒன்றரை வருஷமாக ஊக்குக்கு மேல் ஊக்குக் குத்திக்கொண்டு இருந்திருக்கிறேன். பசையால் மூடி மறைத்து ஆடுகிற செட்டையே போட்டுக்கொண்டிருந்தால் எலும்பு இன்னும் சீக்கிரம் தேயும், அது தேய்ந்தால் செட் இன்னும் லூஸாகும், பசை இன்னும் கூடும்.

அதற்கு அவர்கள் செய்கிற ஆல்டரேஷன் பெயர் என்ன தெரியுமா? ரீலைனிங். லைனிங்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. செட்டின் உட்புறம் மாவு மாதிரி ஒன்றை வைத்து வாயில் அழுத்தி இன்றைய ஈறுக்கு அளவெடுத்து, அந்த அளவுக்கு உள்ளே புதிதாக அக்ரிலிக் லைனிங் கொடுத்துவிடுகிறார்கள், பல் வரிசை பழையதே. இரண்டு நாள் செட் லேபில் இருந்தது. அந்த இரண்டு நாளும் கடை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு, கட்டிங் வேலை மட்டும் பார்த்தேன், வந்தவர்களிடம் வீட்டுக்காரர் பேசினார். அவர் "கழுத்து டீப்பா வேணுமா" என்று ஒரு அம்மாவிடம் கேட்டது இன்னும் ஏரியாவில் பேச்சு.

லைனிங் போட்டு வந்த மேல் செட் பழையபடி கவ்விப் பிடித்தது. அளவு சரியாக இருந்தால் பசையே வேண்டாம் என்பதற்கு மகள் போனில் ஒன்று காட்டினாள். ஜப்பானில் வாகயாமா பக்கம், 1538-ல் இறந்துபோன ஒரு பௌத்தத் துறவியம்மாவுடைய மரப் பல்செட் இன்றும் இருக்கிறதாம், மரத்தைச் செதுக்கிச் செதுக்கி அண்ணத்துக்குச் சரியாகப் பொருத்தியது, பசையும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் அளவுதான். அதற்கு 250 வருஷம் கழித்து, 1789-ல், ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்கும்போது வாயில் ஒரே ஒரு சொந்தப் பல்தான், மற்றதெல்லாம் நீர்யானைத் தந்தத்தில் செய்து, மனிதப் பல்லைப் பொருத்தி, ஸ்பிரிங் வைத்த செட், வாயை மூடிக்கொண்டிருக்கவே தம் கட்டவேண்டும். நாட்டுக்கே ராஜா, அளவெடுத்தவன் மட்டும் சரியில்லை போல.

இப்போது மேல் செட்டுக்குப் பசையே போடுவதில்லை, முகூர்த்த நாளில் கடையில் கூட்டம் இருந்தால் மட்டும் தைரியத்துக்கு நடு அண்ணத்தில் ஒரு பொட்டு. கீழே தினமும் மூன்று பொட்டு வேண்டியிருக்கிறது, வாய் உலர்ந்தவர்களுக்கும் கீழ்த் தாடை தேய்ந்தவர்களுக்கும் அது தேவைதான், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கொய்யாக்காயைக் கீற்றாக நறுக்கிக் கடைவாயில் வைத்து இரண்டு பக்கமும் மெல்லுகிறேன். முறுக்கை உடைத்து, டீயில் நனைத்துத்தான். இந்த ட்யூப் வாங்கி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் அடியில் கொஞ்சம் இருக்கிறது.

கீழ்த் தாடையில் இரண்டு ஸ்க்ரூ வைத்து, அதில் செட்டை ப்ரஸ் பட்டன் மாதிரி மாட்டிக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். ப்ரஸ் பட்டன் என்றதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. அதற்குச் சர்க்கரை கட்டுக்குள் வரவேண்டும், பணமும் சேரவேண்டும். தீபாவளி ஆர்டர் முடியட்டும், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கழுத்தில் ஒரு நாடா கட்டி அதில் சின்னக் கத்தரியைத் தொங்கவிட்டிருக்கிறேன், ஆனாலும் முடிச்சுப் போட்டதும் தலை தானாகக் குனிகிறது, எதிரில் இருக்கும் வீட்டுக்காரர் "ஏய்" என்கிறார், நிமிர்ந்து கத்தரியைத் தேடுகிறேன்.